மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் உத்தியோகம்

1

போன சனிக்கிழமை மாமாவின் அந்தியேட்டி. அவர் காலமாகி முப்பத்தொரு நாள். ஊரில் மைத்துனன் கிரியைகளைச் செய்தான். கொழும்புக்குப் பறந்தாலும் யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாத காலம் என்பதால் நாங்கள் போகவில்லை. இங்கே சுவிஸில், டீட்டிகோனில், மூன்றாம் மாடி வீட்டில், அவருடைய படத்துக்கு மாலை போட்டு மரக்கறி சமைத்துப் படைத்தோம். ஒருமுறை எங்கள் சாம்பிராணிப் புகையைக் கண்டு கீழ்வீட்டு அம்மையார் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நல்லதும் கெட்டதும் ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் நடக்கின்றன.

படைத்து முடிந்ததும் என் மனைவி மலர் படத்துக்கு முன்னால் இருந்து அழத் தொடங்கினார். தகப்பனுக்காக அழுகிறார், அழட்டும் என்று நான் ஒதுங்கி நின்றேன். ஆனால் அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"அப்பா கடைசிமட்டும் நீங்கள் றெயில்வேயிலை வேலை எண்டு நம்பிக்கொண்டுதான் போனவர். பெத்த தகப்பனுக்கு ஏழு வருசமாப் பொய் எழுதியிருக்கிறன். இனி ஆரிட்டைப் போய் மன்னிப்புக் கேக்கிறது?"

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. ஆனால் அதை அவரிடம் சொல்வதில்லை என்று போன வருடம் ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, எல்லாக் கணவன்மாரையும் போல, சாப்பிடும்படி சொன்னேன்.

ஊரில் இதை வாசிப்பவர்களிலும் சிலர் நான் சுவிஸ் ரயில்வேயில் இருப்பதாக இன்னும் நம்பக்கூடும். அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கோப்பை கழுவுகிறவன். எங்கடினில் ஒரு ஹோட்டலில் நாலு வருடம் கழுவினேன். இப்போது பாடனில் ஒரு தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் கழுவுகிறேன். இடம்தான் மாறியிருக்கிறது.

2

பொய்யை நான் தொடங்கவில்லை. ஒரு தபாலட்டை தொடங்கியது.

எங்கடின் என்பது மலைகளுக்கு நடுவே நீளமாகக் கிடக்கும் ஒரு பள்ளத்தாக்கு. பணக்காரர் பனியில் சறுக்கி விழுவதற்காகப் பணம் கொடுத்து வருகிற இடம். எங்கள் ஹோட்டலின் குசினி பின்பக்கம் இருந்தது. கோப்பை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல். அதற்கு இருபது அடி தள்ளித் தண்டவாளம். காலை பதினொன்று இருபதுக்கு அந்தச் சிவப்பு ரயில் வரும். கூரை வரை கண்ணாடி போட்ட பெட்டிகள், மலை பார்க்க வந்த சனங்கள். அது வரும்போது அடுக்கி வைத்த கோப்பைகள் எல்லாம் கிலுகிலுக்கும். எனக்கு அதுதான் மணிக்கூடு. அதற்கு முன் காலைச் சாப்பாட்டுக் கோப்பைகள் முடிய வேண்டும், அதற்குப் பின் மத்தியானப் பானைகள் தொடங்கும்.

வெந்நீரில் வெந்த கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ரயிலுக்குக் காட்டுவேன். ஒருவரும் திருப்பிக் காட்டமாட்டார்கள், ஜப்பான்காரரைத் தவிர. அவர்கள் இரண்டு கையையும் ஆட்டுவார்கள், படமும் எடுப்பார்கள். ஜப்பானில் எத்தனையோ வீடுகளின் அல்பங்களில் ஏப்ரன் கட்டியபடி நான் இருக்கிறேன். என் சொந்த வீட்டுக்கு அப்படி ஒரு படம் நான் அனுப்பியதில்லை.

அனுப்பியது அந்த ரயிலின் படம் போட்ட தபாலட்டையைத்தான். பின்பக்கத்தில் ஐயாவுக்கு, "தினமும் இந்த ரயிலோடுதான் என் வேலை" என்று எழுதினேன். அதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. ஐயா அதை வாசித்தார், ஊரும் வாசித்தது. மகனுக்குச் சுவிஸ் ரயில்வேயில் உத்தியோகம் என்று ஆகிவிட்டது. நான் அடுத்த கடிதத்தில் திருத்தியிருக்கலாம். அடுத்த கடிதம் வருவதற்கு முன்னால் கலியாணத் தரகர் வந்துவிட்டார்.

பெண்ணின் தகப்பன் ஸ்டேஷன் மாஸ்டராம். தென்மராட்சிப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷன். ரயில்வேக் குடும்பத்துக்கு ரயில்வே மாப்பிள்ளை என்று இரண்டு பக்கமும் சந்தோசப்பட்டார்கள். சாதகமும் பொருந்தியது. தபாலட்டை மாப்பிள்ளையின் அத்தாட்சிப் பத்திரமாகப் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

3

மலர் வந்து இறங்கிய மூன்றாம் நாள் உண்மையைக் கண்டுபிடித்தார். என் கையைப் பிடித்துப் பார்த்தார், தோல் உரிந்திருந்தது. "றெயில் ஓடுற கை இப்பிடியோ இருக்கும்?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று பின்னேரம் தேத்தண்ணி போட்டு வந்து சொன்னார்:

"நான் உங்களைத்தான் கட்டினனான், றெயிலை இல்லை. ஆனால் அப்பாவுக்குத் தெரியவேண்டாம். ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர். அவரின்ரை முகம் விழுந்திடும்."

அன்றிலிருந்து அவர் எழுதினார். மாதம் ஒரு கடிதம், ஒவ்வொன்றிலும் என் ரயில்வே வாழ்க்கை பற்றி ஒரு பந்தி. பனி விழுந்து தண்டவாளம் மூடினால் நான் நேரத்தோடு எழும்பிப் போனேன். கடிதங்களில் எனக்கு இரண்டு பதவி உயர்வும் கிடைத்தது. பாடனில் ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உயர்வு, பழைய கழுவும் இயந்திரத்தின் இடத்தில் வந்த புது இயந்திரம்.

மாமி காலமான பிறகு மாமாவை மூன்று மாதம் இங்கே கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மலருக்கு ஆசை. அதற்கு எங்கள் ஆட்கள் "கரன்ரிப் பேப்பர்" என்று சொல்லும் உத்தரவாதப் படிவம் வேண்டும். வருபவருக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்து வைக்க வேண்டும். என் பெயர், என் வீட்டின் அறைகள், என் வேலை எல்லாம் எழுத வேண்டும். வேலைக்கு முதலாளியின் கடிதமும் வேண்டும். வெளிநாட்டார் பொலிஸ் அலுவலகத்தில் நான் இதுவரை ஒரு பொய்யும் எழுதியதில்லை. குடும்பத்துக்குப் பொய் சொன்னால் மன்னிப்பார்கள், அந்த அலுவலகம் மன்னிக்காது. "குசினி உதவியாளர்" என்று ஜேர்மனில் எழுதி, முத்திரை குத்தி வாங்கி, கொழும்புக்கு அனுப்பினேன். ஒரு பிரதியை என் பிளாஸ்டிக் பைலில் வைத்தேன்.

அனுப்பும்போது எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்று தோன்றவில்லை. அந்தப் படிவத்தைக் கொழும்பில் தூதரகத்துக்குக் கொண்டுபோய் நீட்டப்போகிறவர் மாமாதான்.

விசா கிடைத்தது. மாமா வருவதற்கு முந்தின நாள் மலர் வீட்டைத் துப்புரவாக்கினார். தூசி தட்டவில்லை, தடயங்களை அகற்றினார். எங்கள் மகள் நிருஷாவுக்கு அப்போது ஐந்து வயது. கிண்டர்கார்டனில் "அப்பாவின் வேலை" என்று படம் கீறச் சொன்னபோது, கூரை தொடும் உயரத்துக்குக் கோப்பைகள் அடுக்கி, பக்கத்தில் என்னைச் சின்னதாகக் கீறியிருந்தாள். ரீச்சர் நட்சத்திரம் ஒட்டிய அந்தப் படம் குளிர்பெட்டிக் கதவிலிருந்து அலுமாரிக்குள் போனது. எனக்கு மலர் ஒரு நீலச் சட்டையும் கழுத்துப்பட்டியும் வாங்கினார். மூன்று மாதமும் அதைக் கட்டிக்கொண்டு வீட்டிலிருந்து புறப்பட்டு, பாடனில் அவிழ்த்து ஏப்ரன் கட்டினேன். எனக்கு வேறெங்கோ நேர்முகப் பரீட்சை என்று நினைத்த மேலாளர் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, வேலையில் ஏதும் மனக்குறையா என்று விசாரித்தார்.

மகளை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மாமா மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா எங்கை வேலை, பிள்ளை?" என்று கேட்பார். அவள் முழு உண்மையையும் விலாவாரியாகச் சொல்வாள், சுவிஸ் ஜேர்மனில். மாமா தலையாட்டிச் சிரிப்பார். பிள்ளைக்குத் தமிழ் வராமல் போகிறதே என்று நாங்கள் கவலைப்படாத மூன்று மாதம் அதுதான்.

4

இரண்டாம் கிழமை மாமா தன் பெட்டியைத் திறந்து ஒரு தபாலட்டையை எடுத்து மேசையில் வைத்தார். ஓரம் மஞ்சளாகிவிட்டது, ரயில் மட்டும் சிவப்பாகவே இருந்தது.

"தம்பி, இந்த றெயிலிலை ஒருக்கால் என்னைக் கூட்டிக்கொண்டு போம். வேறை ஒண்டும் நான் பாக்கத் தேவையில்லை."

மலர் குசினிக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனார். அவருக்கு முதியோர் இல்லத்தில் வேலை, அந்தச் சனிக்கிழமை லீவு இல்லை. மகளுக்குச் சினேகிதியின் பிறந்தநாள். அம்மப்பாவா கேக்கா என்றபோது அவள் யோசிக்கவே இல்லை.

"லீவிலை நிக்கிறன் எண்டு சொல்லுங்கோ. அவர் ஏதும் கேட்டால் எல்லாம் கொம்பியூட்டர் எண்டு சொல்லுங்கோ. வாயைத் திறந்து அதிகம் கதைக்காதேங்கோ. நான் சொல்றது விளங்குதோ?"

"ஓம்" என்றேன்.

இந்த நாட்டில் பன்னிரண்டு வருடம் இருந்தும் அந்த ரயிலில் நானும் ஏறியதில்லை; எங்கடினுக்குப் போனதும் வந்ததும் பஸ்ஸில்தான். கூர் நகரில் ஏறி உட்கார்ந்ததும் நான்தான் வாயைப் பிளந்துகொண்டு கூரைக் கண்ணாடியைப் பார்த்தேன். பிறகு ரயில்வே உத்தியோகத்தன் அப்படிப் பார்க்கக்கூடாது என்று ஞாபகம் வந்து, பார்த்துப் பார்த்துச் சலித்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

எதிரே ஒரு ஜப்பானியத் தம்பதி. மாமாவின் வயதுதான் இருக்கும். அந்த மனிதர் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மலையைப் பார்க்கவில்லை, மணிக்கூட்டைப் பார்த்தார். மாமாவும் அதையே செய்தார். ஓரிடத்தில் எதிரே வந்த ரயிலுக்காக நின்று புறப்பட ஒரு நிமிடம் பிந்திவிட்டது. இரண்டு பேரும் தங்கள் கைக்கடிகாரத்தை ஒருவருக்கொருவர் காட்டி, தலையை ஆட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மாமா பையிலிருந்து தட்டைவடையை எடுத்து நீட்ட, அவர்கள் அதைப் படம் எடுத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். உறைப்பில் அந்த அம்மாவுக்குக் கண்ணீர் வந்தது. அதையும் அவர் படம் எடுத்தார்.

மாமா கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"ஒற்றைத் தண்டவாளம். அப்ப ரப்லட் எங்கை மாத்திறது?"

ரப்லட் என்பது ஊரில் ஒற்றைப் பாதையில் எதிரே ரயில் வராது என்பதற்குச் சாட்சியாக ஸ்டேஷன் மாஸ்டர் ஓட்டுநரின் கையில் கொடுக்கும் வளையம். இதை மாமாவே பிறகு விளங்கப்படுத்தித்தான் எனக்குத் தெரியும்.

"இப்ப எல்லாம் கொம்பியூட்டர், மாமா."

"ம்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம் வலப்பக்கம் தெரிந்தது. பிறகு அதுவே இடப்பக்கம், கீழே. பிறகு இன்னும் கீழே. நான் வழி தவறிவிட்டோமோ என்று உண்மையில் பயந்தேன். மாமா விரலால் மேசையில் வட்டம் போட்டுக் காட்டினார்.

"நேராப் போனால் றெயில் ஏறாது. அதுதான் மலைக்குள்ளையே சுத்திச் சுத்தி ஏத்துறாங்கள். கெட்டிக்காரர். என்ன தம்பி?"

"ஓம் மாமா. நாங்கள் அப்பிடித்தான் செய்யிறது."

அந்த "நாங்கள்" எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

அப்போதுதான் பரிசோதகர் வந்தார். எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. சீருடையைக் கண்டால் கை தானாக வதிவிட அனுமதி அட்டைக்குப் போகும். அவர் வாய் திறக்கும் முன் நான் எழுந்து நின்று பிளாஸ்டிக் பைலைத் திறந்து, அட்டை, முதலாளியின் கடிதம், மாமாவின் கரன்ரிப் பேப்பர் எல்லாவற்றையும் அவர் கையில் அடுக்கிவிட்டேன். மனிதர் கரன்ரிப் பேப்பரைக் கொஞ்சம் வாசித்துப் பார்த்தார். பிறகு பொறுமையாக, "பில்லெற்" என்றார். டிக்கெட் மட்டும் போதுமாம்.

அவர் திருப்பித் தந்த தாள்களில் ஒன்று வழுக்கி மாமாவின் மடியில் விழுந்தது. கரன்ரிப் பேப்பர். மாமா அதைக் குனிந்து பார்க்கவே இல்லை. நாலாக மடித்து என்னிடம் தந்தார்.

"இது எனக்குத் தெரிஞ்ச பேப்பர்தான்" என்றார். பிறகு ஜப்பான்காரருக்கு இன்னொரு தட்டைவடை கொடுத்தார்.

5

பெரிய சுரங்கம் முடிந்து எங்கடின் வெளிச்சத்துக்குள் வந்தோம். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஹோட்டல் வரும். தலையைத் திருப்பக்கூடாது என்று நான் முடிவெடுத்திருந்தேன். ஆனால் நாலு வருடம் ஒரு ஜன்னலுக்குள் நின்றவனுக்கு, வெளியிலிருந்து அது எப்படி இருக்கும் என்று பார்க்காமல் இருக்க முடியுமா? முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டேன்.

ஜன்னல் நான் நினைத்ததைவிடச் சின்னது. பக்கத்துக் கதவடியில் வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒருவர் வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நின்றார். எங்கள் நிறம்தான்.

"உதுதானே?" என்றார் மாமா.

"எது, மாமா?"

"உம்மடை ஸ்ரேசன்."

மாமா பையிலிருந்து தன் பச்சைக் கைலேஞ்சித் துணியை எடுத்து விரித்துக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தார். முதுகு நிமிர்ந்து, கை ஆடாமல், ரயிலுக்கு வழிவிடும் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார். ஏப்ரன்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு வாளியைத் தூக்கிக் காட்டினார். ஜப்பான்காரர் இரண்டு கையையும் ஆட்டினார்.

ஜன்னல் பின்னால் போய் மறைந்த பிறகுதான் மாமா கைலேஞ்சியை மடித்தார்.

"கொழும்பிலை தூதரகத்திலை ஒரு பிள்ளை கேட்டுது, மருமகனுக்கு என்ன வேலை எண்டு. றெயில்வே எண்டு சொன்னன். பேப்பரைப் பாத்துப்போட்டு, குசினி எண்டெல்லோ கிடக்கு எண்டுது. விசா போகப் போகுது எண்டு விளங்கிட்டுது. உடனை சொன்னன், ஓம், றெயில்வேயின்ரை குசினி எண்டு. அது என்ரை ரெண்டாவது பொய்."

"மன்னியுங்கோ மாமா" என்றேன்.

"முதல் பொய் என்னெண்டு கேக்கேல்லையே நீர்?"

நான் அவரைப் பார்த்தேன்.

"தொண்ணூறிலை சண்டையோடை கடைசி றெயில் போயிட்டுது. பிறகு தண்டவாளத்தையும் சிலிப்பர்க் கட்டையையும் பங்கருக்குக் கழட்டிக்கொண்டு போட்டாங்கள். நான் ஒவ்வொரு நாளும் வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு போய்ப் புத்தகத்திலை கையெழுத்து வைப்பன். சம்பளம் வந்தது, றெயில் வரேல்லை. உங்கடை ஆக்கள் பெண் பாக்க வரேக்கை, தகப்பன் ஸ்ரேசன் மாஸ்ரர் எண்டு நெஞ்சை நிமித்திச் சொன்னனான். அப்ப என்ரை ஸ்ரேசனிலை ஆடு கட்டியிருந்தது."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் என் கண் கலங்கிவிட்டது. ஜப்பான் அம்மா, வடையின் உறைப்பு என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

"உமக்காவது ஜன்னலுக்குள்ளாலை றெயில் தெரிஞ்சுது" என்றார் மாமா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்டு சொல்லுறன். எனக்குத் தெரியும் எண்டு மலருக்குச் சொல்லாதேயும். மாசம் மாசம் என்ன கஷ்டப்பட்டு எழுதியிருப்பாள். பதவி உயர்வு வேறை தந்தவள் உமக்கு. அவள் எழுதட்டும். நான் இருக்குமட்டும் சொல்லாதேயும்."

வாக்குக் கொடுத்தேன்.

இரவுச் சாப்பாட்டில் மாமா வெளுத்து வாங்கினார். மாப்பிள்ளையைக் கண்டதும் பரிசோதகர் எப்படி மரியாதையாக நின்றார், தம்பி பேப்பர்களை எடுத்துக் காட்ட அந்த மனிதர் எப்படிப் பணிவாக வாசித்தார் என்றெல்லாம் சொன்னார். மலர் சந்தோசத்தில் என் கோப்பையில் இன்னொரு கரண்டி சோறு போட்டார். பிறகு குசினிக்குள் வந்து, "கடவுளே, தப்பினம்" என்றார்.

6

மாமா ஊருக்குப் போன பிறகு மூன்று கடிதம் எழுதினார். மூன்றின் முடிவிலும் ஒரே வரி: "மாப்பிள்ளைக்கு என் பச்சைக் கொடியைச் சொல்லவும்." மலர் அதை வாசித்துவிட்டு நெற்றியைச் சுருக்குவார். நான் பத்திரிகையை உயர்த்திப் பிடித்துக்கொள்வேன்.

அந்தியேட்டி முடிந்து மூன்று நாள் நான் யோசித்தேன். வாக்கு, மாமா இருக்கும்வரைக்கும்தான். அது முடிந்துவிட்டது. ஆனாலும் வாயால் சொல்லத் துணிவு வரவில்லை. நான் எழுதுவதை மலர் ஒருநாளும் வாசிப்பதில்லை. வீட்டில் கேட்பதே போதும் என்பார். இதை மட்டும், இந்த வரி வரை எழுதியதும் அவருக்கு முன்னால் மேசையில் வைத்து, உங்கள் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய், கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவினேன்.

மலர் கடைசி வரை வாசித்தார். பிறகு அறைக்குள் போய் அந்த மூன்று கடிதத்தையும் எடுத்து வந்தார். கடைசி வரிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பச்சைக் கொடி எண்டது உதுவோ? நான் அப்பாவுக்கு மூளை மாறாடுது எண்டு நினைச்சு, டொக்டரிட்டைக் காட்டு எண்டு ஊரிலை தம்பிக்கு எழுதினன்."

சிரிப்பதா அழுவதா என்று அவருக்கும் தெரியவில்லை, இரண்டும் வந்தது. பிறகு கோபமும் வந்தது.

"ஒம்பது மாசம்! ஒம்பது மாசம் வாயைத் திறக்காமல் இருந்தனீங்கள் ரெண்டு பேரும்!"

"வாயைத் திறக்காதேங்கோ எண்டு நீர்தானே சொன்னனீர்" என்றேன்.

அடிக்க வந்த கை என் தோளில் நின்றுவிட்டது. பிறகு அலுமாரியைத் திறந்து, நிருஷா கீறிய கோப்பை அடுக்குப் படத்தை எடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் திரும்ப ஒட்டினார். நட்சத்திரத்தை விரலால் அழுத்திவிட்டார்.

"வாற சனிக்கிழமை எனக்கு லீவு" என்றார், என்னைப் பார்க்காமல். "அந்த ஜன்னல் றெயிலுக்கு எந்தப் பக்கம்?"

"போகேக்கை இடப்பக்கம்" என்றேன்.